பால் கணக்கு நோட்டு

அக்காவின் நோட்டு என் முன்னால் இருக்கிறது. நாற்பது பக்க நோட்டு. முதல் ஏழு பக்கம் பால் கணக்கு: தேதி, காலை அரை லிட்டர், மாலை கால் லிட்டர், பால்காரர் வராத நாளுக்கு ஒரு பெருக்கல் குறி. எட்டாம் பக்கத்திலிருந்து கணக்கு வேறு. தேதி, மணி, பிரஷரின் மேல் எண், கீழ் எண், நாடித்துடிப்பு. கடைசிக் கட்டத்தில், அந்த நேரம் என்ன செய்துகொண்டிருந்தாள் என்று இரண்டு மூன்று சொற்கள். ‘குனிந்து கோலம்.’ ‘அரிசி மூட்டை நகர்த்தினேன்.’ ‘சும்மா இருந்தேன்.’

அக்காவுக்கு ஆபரேஷன் முடிந்து அவள் வீட்டோடு தங்கியிருக்கிறேன். விடிகாலையில் அவள் எழுவதற்குள் ஒரு மணி நேரம் கிடைக்கிறது. அந்த நேரத்தில் இதை எழுதுகிறேன்.

*

அவளுக்கு அது வருவதை ஒரு தடவை நேரில் பார்த்திருக்கிறேன். பொங்கலுக்கு முந்தின வாரம். அடுக்களைத் தரையில் உட்கார்ந்து தேங்காய் துருவிக்கொண்டிருந்தாள். ஒரு மூடி உருண்டு அடுப்பு மேடைக்கு அடியில் போயிற்று. எட்டிக் குனிந்து எடுத்தாள். நிமிர்ந்தபோது முகத்தில் ரத்தம் இல்லை. மஞ்சள் பூசிக் குளித்த முகம், அந்த மஞ்சளுக்கு அடியில் சாம்பல் பூத்தது போல வெளுத்திருந்தது. மேலுதட்டில் முத்து முத்தாக வேர்வை. மார்கழிக் குளிரில் ரவிக்கையின் முதுகு நனைந்து ஒட்டிக்கொண்டது. துருவியின் மேல் வைத்த கை அப்படியே நிற்க, கழுத்தில் நரம்பு துடிப்பது எட்ட இருந்த எனக்கே தெரிந்தது.

“தலைக்குள்ள உலக்கையால இடிக்கிறாப்ல இருக்குடா” என்றாள். கொஞ்சம் கழித்து, “யாருக்கோ என்னமோ ஆயிட்டுன்னு ஃபோன் வரப்போற மாதிரி இருக்கு.”

பத்துப் பன்னிரண்டு நிமிஷம். வந்த சுவடு தெரியாமல் போய்விட்டது. முகத்தைத் துடைத்துக்கொண்டு மறுபடி துருவ உட்கார்ந்தாள், ஆனால் கை ஓய்ந்துவிட்டது. மீதியை நான் துருவினேன்.

*

தலைவலி, வேர்வை, படபடப்பு. மூன்றில் எது இல்லாத வீடு இருக்கிறது? தனித்தனியாக வந்தால் மூன்றுக்கும் ஆயிரம் காரணம். மூன்றும் சேர்ந்து, சொல்லாமல் வந்து, சொல்லாமல் போய், அந்த நேரத்தில் மட்டும் பிரஷர் எங்கோ ஏறி இறங்குமானால், அட்ரினல் சுரப்பியில் ஒரு கட்டி இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். ஃபியோகுரோமோசைட்டோமா என்பது அதன் பெயர். அரிய நோய்தான். பிரஷர் இருப்பவர்களில் ஆயிரத்துக்கு ஒருவர் முதல் ஐந்தாறு பேர் வரை என்று கணக்குச் சொல்கிறார்கள். ஆனால் அந்த ஒருவர் நம் வீட்டில் இருக்கும்போது ஆயிரம் என்ற எண்ணுக்குப் பொருளே இல்லை.

அக்காவுக்கு இது தெரிய ஒன்பது வருஷம் ஆயிற்று. டாக்டரிடம் போய்ச் சேரும்போது பிரஷர் 130, 80 என்று இருக்கும். அலை அடித்து ஓய்ந்த பிறகு கடலை அளந்து என்ன தெரியும்? ‘மாதவிடாய் நிற்கிற வயசு’ என்றார் ஒருவர். ‘டென்ஷன் எடுத்துக்காதீங்க’ என்றார் இன்னொருவர். ஓரிடத்தில் படபடப்புக்கு என்று பீட்டா பிளாக்கர் மாத்திரை கொடுத்தார்கள். இந்தக் கட்டி இருக்கும் உடம்பில் அந்த மாத்திரையைத் தனியாக முதலில் கொடுக்கக் கூடாது. ரத்தக்குழாய் இன்னும் இறுகிப் பிரஷர் மேலே போகும். அவளுக்கு அப்படித்தான் ஆயிற்று. அந்த மாசம் அவள் பட்டது போல் என்றும் பட்டதில்லை.

அவர்கள் மேல் எனக்கு வருத்தம் உண்டு. எங்கள் மேல் அதைவிட அதிகம்.

*

‘பயந்தாங்கொள்ளி’ என்பது வீட்டில் நாங்கள் அவளுக்கு வைத்த பெயர். திடீரென்று சென்னையில் இருக்கும் மகனுக்கு ஃபோன் போடுவாள். நடுராத்திரியில் எழுந்து கேஸ் சிலிண்டரைத் திருகிப் பார்ப்பாள். அத்தான் பைக்கில் வர அரை மணி தாமதமானால் வாசலுக்கும் உள்ளுக்கும் நடப்பாள். சுபாவம் என்று நினைத்தோம். சின்ன வயசில் அவள் அப்படி இல்லை என்பது எங்களில் ஒருவருக்கும் நினைவுக்கு வரவில்லை. பம்புசெட் கிணற்றில் என்னைத் தள்ளிவிட்டு நீச்சல் பழக்கினவள் அவள்.

அந்தக் கட்டி ரத்தத்தில் கொட்டுவது அட்ரினலின். 1924-இல் ஸ்பெயின் நாட்டு மருத்துவர் கிரெகோரியோ மராஞோன் 210 பேருக்கு அட்ரினலினை ஊசியில் ஏற்றி, என்ன தோன்றுகிறது என்று கேட்டு எழுதி வைத்தார். பலர் உடம்பில் நடப்பதை மட்டும் சொன்னார்கள். சிலர், பயப்படுவது போல இருக்கிறது, ஆனால் பயம் இல்லை என்றார்கள். அந்த ‘போல’ என்ற சொல்லில் நான் வெகுநேரம் நின்றுவிட்டேன். அவர்களுக்கு ஊசி போட்டது தெரியும். ஆகவே ‘போல’ என்று சொல்ல முடிந்தது. அக்காவுக்கு உள்ளே ஊசி போட்டுக்கொண்டிருந்தது எது என்று யாரும் சொல்லவில்லை. நெஞ்சு அடிக்கிறது, கை சில்லிடுகிறது, வேர்க்கிறது. மனசு என்ன செய்யும்? காரணம் தேடும். மகன், சிலிண்டர், பைக். பயம் முதலில் வந்தது. பயப்பட வேண்டிய பொருளைப் பிறகு அவளே தேடிக் கொடுத்தாள்.

*

கறிக்கடையில் ஆட்டின் குண்டிக்காயைப் பார்த்திருப்போம். வெள்ளைக் கொழுப்புக்குள் பொதிந்து இருக்கும். கடைக்காரர் கொழுப்பைக் கீறிக் காயை மட்டும் எடுத்துத் தராசில் போடுவார். அட்ரினல் அந்தக் கொழுப்போடு கொழுப்பாகப் போய்விடும். அதற்கு நம்மிடம் ஒரு நாட்டுப் பெயர்கூட இல்லை. மனித உடம்பை அறுத்துப் பார்த்தவர்களும் வெகுகாலம் அதைத் தவறவிட்டார்கள்; 16-ஆம் நூற்றாண்டில் பார்த்தோலோமியோ யூஸ்டாக்கியோ எழுதின பிறகுதான் அப்படி ஒன்று உண்டு என்று தெரிந்தது.

மனிதச் சிறுநீரகம் 150 கிராம் அளவு. அதன் தலைமேல் இருக்கும் அட்ரினல் நாலைந்து கிராம். வலப்பக்கம் இருப்பது முக்கோணக் குல்லா, இடப்பக்கம் இருப்பது பிறை. வெளியே மஞ்சளாகப் புறணி, உள்ளே கருஞ்சிவப்பாய் அகணி. புறணி உப்பையும் சர்க்கரையையும் ஆள்கிறது, அகணியில் அட்ரினலின். வலது அட்ரினல் ஈரலுக்குப் பின்னால் ஒடுங்கி இருக்கிறது. ‘ஈரக்குலையே நடுங்கிப்போச்சு’ என்று அம்மா சொல்வாள். எதைக் கண்டு அந்த இடத்தைச் சொன்னார்களோ. அக்காவின் கட்டி வலப்பக்கம்தான் இருந்தது.

*

1886. ஜெர்மனியில் ஃபிரைபுர்க் நகரம். பதினெட்டு வயசுப் பெண் ஒருத்தி படபடப்பு, தலைவலி, முகம் வெளுத்தல், வாந்தி என்று ஆஸ்பத்திரிக்கு வந்து, இறந்துபோனாள். அறுத்துப் பார்த்தபோது இரண்டு அட்ரினலிலும் கட்டி. ஃபெலிக்ஸ் ஃபிராங்கெல் என்ற மருத்துவர் அவள் பட்டதையெல்லாம் எழுதி வைத்தார். என்ன நோய் என்று அவருக்குத் தெரியாது. பெயரே 1912-இல்தான் லுட்விக் பிக் வைத்தார். குரோமிய உப்புப் பட்டால் கருக்கும் அணுக்களின் கட்டி என்பது அதன் பொருள்.

2007-இல் ஆராய்ச்சியாளர்கள் அந்தப் பெண்ணின் குடும்பக் கிளையில் உயிரோடு இருக்கும் உறவினர்களைத் தேடிப்போய், அவர்கள் ரத்தத்தில் அந்த நோய்க்கான மரபணுப் பிழை இருப்பதைக் கண்டார்கள். 121 வருஷத்துக்கு முன் ஒரு டாக்டர் பொறுமையாக எழுதினதால், பிறக்காத பிள்ளைகளுக்கு எச்சரிக்கை போய்ச் சேர்ந்தது. இந்தக் கட்டி வந்தவர்களில் மூன்றில் ஒரு பங்குக்குக் குறையாமல் பரம்பரைக் காரணம் உண்டு என்பதால், அக்காவுக்கு மரபணுப் பரிசோதனைக்கு ரத்தம் எடுத்திருக்கிறார்கள். அவளுக்கு இருந்தால் எனக்கும், என் மருமகனுக்கும் பார்க்க வேண்டும்.

*

மருமகன் பிரஷர் மெஷின் வாங்கி அனுப்பினான். அதிலிருந்துதான் நோட்டின் எட்டாம் பக்கம். தை மாதம் ஒரு செவ்வாய்க்கிழமை காலை 6.10: 214, 118, நாடி 124. ‘குனிந்து கோலம்.’ அதே நாள் 6.40: 128, 80, நாடி 84.

புதிதாகப் போன டாக்டர் எங்களைப் பேசவிடவில்லை. கையை நீட்டி நோட்டை வாங்கிக்கொண்டார். எண்களை ஒரு பார்வை பார்த்துவிட்டு, கடைசிக் கட்டத்தில் விரலை வைத்து மேலிருந்து கீழே இறக்கிக்கொண்டு வந்தார். ‘குனிந்து’ என்று எழுதின இடத்திலெல்லாம் விரல் ஒரு கணம் நின்றது.

“இந்தக் கடைசிக் கட்டம் யார் எழுதச் சொன்னது?”

“யாரும் சொல்லலைங்க. நானா எழுதினேன்” என்றாள் அக்கா, தப்புச் செய்துவிட்டவள் போல.

குனிந்தால், வயிறு அமுங்கினால், பளு தூக்கினால் கட்டி நசுங்கி அலை கிளம்பலாம். சில மருந்துகளாலும் கிளம்பும். சும்மா இருக்கும்போதும் கிளம்பும். யாரும் கேட்காத அந்தக் கட்டத்தில்தான் நோய் எழுதியிருந்தது.

*

இருபத்துநாலு மணி நேரச் சிறுநீர். லேபில் ஐந்து லிட்டர் கேன் கொடுத்தார்கள். அடியில் கொஞ்சம் ஆசிட் இருக்கிறது, கேனில் நேராகப் போகாதீர்கள், மக்கில் பிடித்து ஊற்றுங்கள். காலையில் முதல் தடவை போவதை விட்டுவிட வேண்டும். அதற்கப்புறம் ஒரு சொட்டு விடாமல் மறுநாள் காலை அதே நேரம் வரை. காப்பி, வாழைப்பழம் வேண்டாம். கேனைக் குளிர்ச்சியாக வைக்க வேண்டும்.

ஈரச் சாக்கைச் சுற்றி, கொல்லைப்புறக் குளியலறை மூலையில் ஐஸ் போட்ட டப்பில் வைத்தோம். யாராவது வந்து பார்த்துவிடப் போகிறார்கள் என்று அக்கா அதன்மேல் பழைய துண்டை மூடினாள். அன்று நாத்தனார் மகளுக்கு நிச்சயதார்த்தம், போகவில்லை. காப்பி இல்லாத காலை, அதுவே அவளுக்குப் பெரிய விரதம். சாயங்காலம் கேனைத் தூக்கி வெளிச்சத்தில் பார்த்தாள். “இதுலயா தெரியும்?”

தெரியும் அக்கா. அட்ரினலின் ரத்தத்தில் சில நிமிஷம்தான் தங்கும். ஆனால் அது சிதைந்த மிச்சம் மெட்டாநெஃப்ரின். அலை அடிக்காத நேரத்திலும் கட்டி அதைக் கசியவிட்டுக்கொண்டே இருக்கும். ஒன்பது வருஷம் யார் கையிலும் அகப்படாதது அந்த மஞ்சள் தண்ணீரில் உட்கார்ந்திருந்தது. அளவைப்போல ஆறு மடங்கு என்று ரிப்போர்ட் வந்தது.

*

ஸ்கேன் எடுக்க வரிசையில் இருந்தபோது பக்கத்தில் ஒரு வாத்தியார். பித்தப்பைக் கல்லுக்காக எடுத்த ஸ்கேனில் இடது சிறுநீரகத்தில் மூன்று சென்டிமீட்டரில் ஒரு கட்டி தெரிந்திருக்கிறது. “எனக்கு ஒண்ணுமே இல்லைங்க, நல்லாத்தான இருக்கேன்” என்று நாலைந்து தடவை சொன்னார். தன் உடம்பு தன்னிடம் சொல்லாமல் மறைத்துவிட்டதே என்ற வருத்தம் அவர் குரலில் இருந்தது.

சிறுநீரகத்தின் சாதாரணக் கட்டிகள் பெரும்பாலும் அப்படித்தான். அறிகுறி என்று ஒன்றும் கிடையாது. வளர்ந்த பிறகு விலாப் பக்கம் ஒரு கனம், எப்போதாவது சிறுநீரில் ரத்தம். ஆன்கோசைட்டோமா என்று ஒன்று உண்டு. வெட்டினால் பழுப்பு நிறம்; அணுவுக்குள் மைட்டோகாண்ட்ரியா நெருக்கியடித்து நிறைந்திருப்பதால் அந்த நிறம். பல சமயம் நடுவில் நட்சத்திர வடிவத்தில் ஒரு தழும்பு. தீங்கில்லாதது. ஆனால் ஸ்கேனில் புற்றுக்கட்டி போலவே தெரியும் என்பதால் எடுத்துப் பார்த்த பிறகே நிச்சயம் சொல்ல முடிகிறது. நாலு சென்டிமீட்டருக்குள் இருக்கும் சிறுநீரகக் கட்டிகளை அறுத்து எடுத்ததில் ஏறக்குறைய ஐந்தில் ஒன்று புற்றில்லாதது.

இன்னொன்று ஆஞ்ஜியோமயோலைபோமா. ரத்தக்குழாயும் தசையும் கொழுப்பும் கலந்த கட்டி. இதைக் கத்தி வைக்காமலே கண்டுபிடிக்கலாம். சி.டி. ஸ்கேனில் தண்ணீர்தான் அளவுகோல். காட்ஃப்ரே ஹவுன்ஸ்ஃபீல்டின் பெயரால் வழங்கும் அந்த அளவில் தண்ணீருக்குப் பூஜ்யம், காற்றுக்கு மைனஸ் ஆயிரம். கொழுப்பு பூஜ்யத்துக்குக் கீழே போகும். சிறுநீரகக் கட்டிக்குள் கொழுப்பின் எண் தெரிந்தால் அநேகமாக இதுதான். அட்ரினல் சுரப்பியின் சாதாரணக் கட்டியும் கொழுப்புச்சத்து உள்ளதாக இருந்தால் பத்துக்குள் நின்றுவிடும். நல்லதா கெட்டதா என்று தெரியாத ஒன்றைத் தண்ணீரோடு ஒப்பிட்டுப் பார்த்து அறிகிறார்கள் என்பது எனக்கு ஆறுதலாக இருந்தது. ஏன் என்று தெரியவில்லை.

சிறுநீரகத்தில் வரும் அந்தக் கொழுப்புக் கட்டிதான் ‘சாது மிரண்டால்’ என்ற பழமொழியை நினைவூட்டுவது. நாலு சென்டிமீட்டர் தாண்டினால் வெடித்து உள்ளுக்குள் ரத்தம் கொட்டலாம். கர்ப்பிணிகளுக்கு அந்த ஆபத்து கூடுதல். திடீரென்று விலாவில் குத்துவலி, கைக்குத் தட்டுப்படும் வீக்கம், முகம் வெளுத்து மயக்கம். அந்த நேரத்தில் சுக்குக் கஷாயம் வைத்துக்கொண்டிருக்கக் கூடாது, ஓட வேண்டும். சிறுநீரகத்தைச் சுற்றி இப்படித் தானாக ரத்தம் கட்டுவதை 1856-இல் எழுதி வைத்தவர் கார்ல் வுண்டர்லிக். உடம்பின் சூடு 37 டிகிரி என்று ஆயிரக்கணக்கானவர்களை அளந்து சொன்னவரும் அவர்தான்.

வாத்தியாரின் பெயரைக் கூப்பிட்டார்கள். சட்டைப்பையில் இருந்த பேனாவையும் சில்லறையையும் என்னிடம் கொடுத்துவிட்டு உள்ளே போனார்.

*

அட்ரினல் புறணியின் கட்டிகள் இன்னும் மெதுவாகப் பேசுகின்றன. அமெரிக்காவில் ஆன் ஆர்பரில் ஜெரோம் கான் என்ற டாக்டரிடம் 34 வயசுப் பெண் வந்தாள். ஏழு வருஷமாகக் கால் தசை பிடித்து இழுப்பது, வலுவற்றுப்போவது, பிரஷர். ரத்தத்தில் பொட்டாசியம் மிகக் குறைவு. ஆல்டோஸ்டீரோன் மிகுந்து உப்பைப் பிடித்துவைத்துப் பொட்டாசியத்தை வெளியே தள்ளுகிறது என்று கான் கணித்தார். 1954 டிசம்பரில் ஆபரேஷன். இரண்டு சுரப்பியையும் எடுக்க நினைத்துத் திறந்தார்கள். வலப்பக்கம் நாலு சென்டிமீட்டரில் ஒரு கட்டி இருந்தது. அதை மட்டும் எடுத்தார்கள். குணமானாள். பிரஷர்காரர்களில் நூற்றுக்கு ஐந்து முதல் பத்துப் பேருக்கு இந்த ஆல்டோஸ்டீரோன் மிகுதி இருக்கலாம் என்கிறார்கள், கட்டியால் ஆனாலும் இல்லாவிட்டாலும். மூன்று மாத்திரை போட்டும் இறங்காத பிரஷர், கெண்டைக்கால் இழுப்பு, ராத்திரி எழுந்து எழுந்து போவது. எத்தனை பேர் இதை வயசு என்று சொல்லிக்கொண்டு படுத்திருக்கிறார்களோ.

கார்ட்டிசால் சுரக்கும் கட்டி என்றால் முகம் உருண்டு சிவக்கும், வயிறு பருக்கும், கைகால் மட்டும் மெலியும். பட்ட இடமெல்லாம் கன்றிப்போகும், வயிற்றில் ஊதாக் கோடுகள் விழும், சர்க்கரை ஏறும். தொடை வலு இழப்பதால், பந்தியில் சாப்பிட்டுவிட்டுத் தரையில் கை ஊன்றாமல் எழ முடியாது. உறவுக்காரர்கள், ‘பூசினாப்ல ஆயிட்டே, வீட்ல நல்ல சாப்பாடு’ என்பார்கள்.

*

ஆபரேஷனுக்கு முன் இரண்டு வாரம் தயார் செய்தார்கள். இந்தத் தடவை முதலில் ரத்தக்குழாயைத் தளர்த்தும் மாத்திரை, பிராசோசின். தண்ணீர் நிறைய. “உப்புப் போட்டுச் சாப்பிடுங்கம்மா” என்றார் டாக்டர். அக்கா நம்பாமல் என்னைப் பார்த்தாள். வருஷக்கணக்கில் உப்பில்லாத குழம்பு சாப்பிட்டவள். இறுகிக் கிடந்த குழாய்கள் விரியும்போது ரத்தத்தின் நீரளவு கூட வேண்டும், அதற்காக உப்பு. வீட்டுக்கு வந்ததும் பரணிலிருந்து நார்த்தங்காய் ஊறுகாய் ஜாடியை இறக்கச் சொன்னாள். தயிர்சாதத்தோடு ஒரு துண்டை நாக்கில் வைத்து, கண்ணை மூடிக்கொண்டாள்.

ஐந்தாம் நாள் மூக்கு அடைத்தது. எழுந்தால் தலை சுற்றியது. அதுதான் மருந்து வேலை செய்யும் அடையாளம் என்றார் மயக்க மருந்து டாக்டர். அவர் முகத்தைத்தான் நான் அதிகம் பார்த்துக்கொண்டிருந்தேன். கட்டியைத் தொட்டால் பிரஷர் ஏறும், அதன் ரத்தநாளத்தைக் கட்டிய கணம் இறங்கும். இரண்டையும் பிடிக்க வேண்டியவர் அவர்.

லேப்ராஸ்கோப்பி. மூன்றரை மணி நேரம். கதவைத் திறந்து ஒரு நர்ஸ் கிட்னி ட்ரேயில் கொண்டுவந்து காட்டினார். பெரிய நெல்லிக்காய் அளவு. வெட்டின பக்கம் கருப்பட்டி நிறம், ஓரத்தில் மஞ்சளாக ஒரு பட்டை. ஒன்பது வருஷ நடுராத்திரிகள், சிலிண்டர் திருகிப் பார்த்த கைகள், வாசலுக்கும் உள்ளுக்கும் நடந்த நடை, எல்லாம் அந்த ட்ரேயில் கிடந்தன. அத்தான் கும்பிட்டார். நர்ஸையா, அதையா என்று தெரியவில்லை.

*

‘கேன்சர் இல்லையே டாக்டர்?’ என்று எல்லாரும் கேட்கும் கேள்வியை நானும் கேட்டேன். பரவினதாக ஒன்றும் தெரியவில்லை என்றார். ஆனால் இந்த வகைக் கட்டியைச் சாதாரணக் கட்டி என்று எழுதி முத்திரை குத்தும் வழக்கம் இப்போது இல்லையாம். பெரும்பாலும் திரும்பாது, திரும்பவே திரும்பாது என்று மைக்ரோஸ்கோப் சொல்லாது. வருஷம் ஒரு தடவை பரிசோதனை, குறைந்தது பத்து வருஷம். அவர் அதை மறைக்காமல் சொன்னதற்கு நன்றியோடு இருக்கிறேன்.

*

நேற்று மத்தியானம் அக்கா திண்ணையில் சாய்ந்திருந்தாள். “உன்னைப் பயந்தாங்கொள்ளின்னு சொன்னோமே அக்கா” என்றேன். வேறு எப்படி ஆரம்பிப்பது என்று தெரியவில்லை.

“சொன்னீங்க” என்றாள்.

கொஞ்ச நேரம் இரண்டு பேரும் தெருவைப் பார்த்துக்கொண்டிருந்தோம். பிறகு, அத்தானை இன்னும் காணோமே, மணி என்ன என்று கேட்டாள். எனக்குத் திக்கென்றது. அவள் முகத்தைப் பார்த்தேன். வேர்வை இல்லை. சாப்பாட்டுக்கு இலை நறுக்கக் கேட்டிருக்கிறாள்.

*

இன்று எழுந்துவிட்டாள். வாசலில் தண்ணீர் தெளிக்கும் சத்தம் கேட்கிறது. தையல் ஆறும்வரை குனியக் கூடாது என்பதால் கோலம் எதிர்வீட்டுப் பெண் போடுகிறாள். இவள் நின்றுகொண்டு புள்ளி சொல்கிறாள். சைக்கிள் மணி. அக்கா உள்ளே எட்டிப் பார்க்கிறாள்.

“பால்காரர் வந்துட்டார். நோட்டைக் குடு.”